ரேகை விழாத விரல்

வணக்கம் ஐயா,

நான் கோவையில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களாகக் காலனியம் பற்றியும் அது விட்டுச்சென்றவை பற்றியும் வாசித்து வருகிறேன். காங்கோ பற்றி ஆடம் ஹாக்ஸ்சைல்ட் எழுதிய நூலையும் ராய் மாக்ஸமின் ‘உப்பு வேலி’யையும் முடித்தேன். ரத்தம் கொதித்தது. 45 லட்சம் கோடி டாலரை நம்மிடமிருந்து சுரண்டியிருக்கிறார்கள் என்று தாத்தாவிடம் சொன்னால், “வெள்ளைக்காரன் காலத்தில் நியாயம் இருந்தது” என்கிறார். அவருக்கு 86 வயது. வாக்குவாதம் முற்றி, இரண்டு மாதமாகச் சரியான பேச்சில்லை.

எங்கள் வீட்டில் 1941ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் என் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து இல்லை, கைநாட்டுதான். ஒரு தலைமுறையையே தற்குறியாக வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

காலனியம் பற்றி அவசியம் வாசிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைச் சொல்ல முடியுமா? ரயிலும் ஆங்கிலமும் கொடுத்தார்களே என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

ரயில் நன்மையா தீமையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அந்த 45 லட்சம் கோடி பொருளியலாளர் உத்சா பட்நாயக் போட்ட கணக்கு. பொருளாதாரம் படித்தவர்கள் அதைப் பற்றி விவாதிக்கட்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கைநாட்டில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரு மாதமாக எனக்கும் அதே நினைப்பு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தியோடு ரேஷன் கடைக்குப் போனேன். சித்திக்கு 71 வயது. தென்காசிப் பக்கம். பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். பதின்மூன்று வயதில் மடியில் தட்டை எடுத்து வைத்தவர், கண் மங்கும்வரை இறக்கி வைக்கவில்லை. இலையை நனைத்து, தகர அச்சை வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி நூல் சுற்றுகிற வேலை. நாளுக்கு எண்ணூறு, ஆயிரம் என்று ஐம்பது வருடம். அந்த விரல் நுனியைத் தொட்டால் ஆற்றுக் கூழாங்கல்லைத் தொடுவது போல இருக்கும்.

பெருவிரலைக் கருவியில் வைத்தார். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. பின்னால் நின்ற பெண், “தலையில் தடவிக்கொண்டு வையுங்கள் அக்கா, எண்ணெய் பட்டால் விழும்” என்றார். தலையில் தடவி வைத்தார். விழவில்லை. விற்பனையாளர் அடுத்த தெருப் பையன், சித்தி வீட்டுத் திண்ணையில் விளையாடி வளர்ந்தவன். “ரேகை விழவில்லை பெரியம்மா, நாளைக்கு வந்து பாருங்கள்” என்றான். சித்தி அவன் முகத்தைப் பார்த்து, “நான்தானப்பா” என்றார். அவ்வளவுதான். பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். மூன்றாம் நாள் இடது கை நடுவிரலை ஏற்றுக்கொண்டதாம், அரிசி கிடைத்துவிட்டது. எனக்கு அந்த “நான்தானப்பா” மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

திரும்பி வந்ததும் முன்பு பாதியில் வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்து ஒரே மூச்சில் முடித்தேன். சந்தக் சென்குப்தா எழுதிய ‘இம்ப்ரிண்ட் ஆஃப் தி ராஜ்’. 2003இல் வந்தது. கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை காலனிய இந்தியாவில் உருவான கதை. பத்துக் கேட்டீர்கள், ஒன்றுதான் தருகிறேன்.

1858ஆம் ஆண்டு. சிப்பாய்களின் எழுச்சி நடந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலைக்குச் சரளை அனுப்புவதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போடுகிறார். கோனாய் கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில் ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையில் பூசி, காகிதத்தின் பின்புறம் முழுக் கையையும் பதிய வைக்கிறார். பின்னாளில் கோனாய் ‘இது என் கையெழுத்தில்லை’ என்று சொல்லும் எண்ணமே வராதபடி மிரட்டி வைப்பதற்காகத்தான் அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே எழுதியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், தம்பி. அந்த ஒப்பந்தத்தை எழுதியது யார் தெரியுமா? கோனாயேதான், தன் சொந்தக் கையால், வங்காளியில். ஆவணமே எழுதத் தெரிந்த மனிதர் அவர். இந்த நாட்டில் ஒரு வெள்ளை அதிகாரி மை பூசிப் பதிய வைத்த அந்தக் கை எழுதத் தெரிந்த கை! கைநாட்டு என்றால் படிக்காதவன் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கோனாயிடம் எழுத்து இருந்தது. அந்த எழுத்தையும் அவர் சொல்லையும் நம்ப அதிகாரிக்கு மனமில்லை. அதனால் உடம்பைப் பிடித்தார். நீங்கள் உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தற்குறி என்று எழுதியபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தன் குறியை இட்டவர் தற்குறி. அந்த நல்ல சொல்லை வசவாக்கியது எந்த லண்டன்காரனும் இல்லை, நாம்தான். எந்த மனிதருக்காக ரத்தம் கொதிக்கிறது என்கிறீர்களோ அந்த மனிதரையே அடுத்த வரியில் இழிவாகச் சொல்கிறீர்கள்.

ஹெர்ஷல் 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது மூன்று இடங்களில் ரேகையை நுழைத்தார்: ஓய்வூதியம், பத்திரப் பதிவு, சிறை. ஓய்வூதியக்காரர் இறந்த பிறகும் வேறு யாராவது வந்து பணம் வாங்கிவிடுவார்களோ என்ற சந்தேகம் முதலாவதற்குக் காரணம். இன்றும் நம் வீட்டு முதியவர்கள் வருடந்தோறும் போய், தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் அந்தப் பெருவிரலுக்கு முன்னோடி இரண்டாவது. மூன்றாவது எங்கே போய் முடிந்தது என்பதைக் கேளுங்கள்.

1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் திறந்தார்கள். ரேகைகளை 1024 அறைகளாகப் பிரித்து அடுக்கும் முறை வந்தது. அதன் கணக்கைப் போட்டவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் ‘ஹென்றி முறை’ என்கிறது. 1901இல் அது ஸ்காட்லாந்து யார்டுக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்கும் போயிற்று. அங்கே 1906இல் இந்தியர்கள் எல்லோரும் ரேகை பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, காந்தி அந்த ஹென்றியின் புத்தகத்தையே வாங்கிப் படித்திருக்கிறார். குற்றவாளிகளிடம் மட்டுமே சட்டப்படி ரேகை எடுக்கிறார்கள் என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டதாகவும், அதிர்ந்துபோனதாகவும் எழுதுகிறார். கட்டாயமில்லாமல் விரும்பிக் கொடுப்பது வேறு என்று அவர் 1908இல் சமரசத்துக்கு வந்தபோது, சொந்த மக்களில் ஒருவரான மீர் ஆலம் அவரைத் தெருவில் அடித்து வீழ்த்தினார். குறுக்கே போய் அடி வாங்கியவர்களில் காந்தியோடு போராடிய நம் தம்பி நாயுடுவும் ஒருவர். அரசு வாக்குத் தவறியதும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் சான்றிதழ்களை மொத்தமாகப் போட்டுக் கொளுத்தினார்கள்.

மதுரைச் சீமைக்கு வருவோம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. ஒரு சாதியில் பிறந்ததே குற்றம், ஆகவே ரேகை வை, இரவில் வந்து காவலில் படு. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். மாயாக்காள் என்ற பெண்ணோடு சேர்த்துப் பதினாறு பேர் இறந்தார்கள். அந்தப் பதினாறு பேரும் மறுத்தது ஒரு சொட்டு மையை. உசிலம்பட்டிப் பக்கம் போனால் அங்கிருக்கும் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். எனக்கு இதற்கு முன்பும் வந்திருக்கிறது. ரேகை இல்லாவிட்டால் ரேஷனில் திருட்டு நடக்காதா? நடந்தது. போலி அட்டைகள் இருந்தன, மூட்டை மூட்டையாக அரிசி எல்லை தாண்டியது. அந்த மூட்டைகளை என் சித்தியின் விரலா லாரியில் ஏற்றியது? கடத்தியவர்களைப் பிடிக்க வழி தேடியவர்கள், வரிசையில் நின்ற கிழவியிடம் போய் நீ நீதான் என்று நிரூபி என்கிறார்கள். பசியோடு வருகிறவர் முதலில் பொய்யர், பிறகுதான் குடிமக்களில் ஒருவர். 1858இல் ஹெர்ஷல் கோனாயைப் பார்த்த பார்வை இது. ஹெர்ஷல் கப்பலேறிப் போய்விட்டார். பார்வையை நாம் வைத்துக்கொண்டோம், அதற்கு மின்சாரமும் இணைப்பும் கொடுத்திருக்கிறோம். நீங்கள் இருக்கும் துறைதான் அதற்கு நிரல் எழுதுகிறது. உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. காலனியத்தின் மிச்சத்தைப் புத்தகக் கடையில் தேடுகிறீர்கள், அது உங்கள் மேசைமேலேயே இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

காங்கோவில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்காக ஒரு வலது கையை வெட்டிக் கொண்டுவரச் சொன்னதைப் படித்து நீங்கள் கொதித்தது நியாயம். அங்கே ஆண்ட பெல்ஜிய மன்னன் லியோபோல்டை வெறுப்பதில் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் ‘உப்பு வேலி’யைப் படித்த நீங்கள், உப்பு வரியை ஏய்க்காமல் தடுக்க வெள்ளையர்கள் போட்ட அந்த முள்வேலியை வளர்த்தெடுத்த சுங்க அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாளில் காங்கிரசைத் தொடங்கிய அதே ஹியூம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது அதுதான். கொதிக்க மட்டும் படித்தால் இப்படிப்பட்டவை கண்ணில் படாது.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். 86 வயது என்றால் 1947இல் அவருக்கு ஏழெட்டு வயது இருந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்து நியாயத்தை அவர் எங்கே கண்டிருப்பார்? அது அவருடைய அப்பா சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். அந்த அப்பாதான் பத்திரத்தில் ரேகை வைத்தவர்.

நீங்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அரசு வந்து விரலைப் பிடிப்பதற்கு முன்னால் ஊரில் ஒருவருக்கொருவர் சாட்சி நின்றார்கள், எல்லாம் இனிமையாக இருந்தது என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். சாட்சி சொல்ல நிலம் வேண்டும், சாதி வேண்டும். சேரியிலிருந்து வந்தவர் வாக்கை எந்தச் சாவடியில் ஏற்றார்கள்? அப்படிப்பட்ட ஒருவருக்கு, பண்ணையார் விரலையும் தன் விரலையும் ஒரே மையில் தோய்த்த பதிவு அலுவலகம் நியாயமாகத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம். இதையெல்லாம் கேட்காமல், இணையத்தில் பார்த்த தொகையை ஒரு கிழவர் முன்னால் வீசிவிட்டு இரண்டு மாதம் முகம் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படி முகம் திருப்புவதற்குக்கூட இப்போது தாத்தா இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மடிப்பில் கிழிந்துவிடும், பார்த்துப் பிரியுங்கள். ரேகைக்குப் பக்கத்தில் இது இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை என்று ஒரு கை எழுதியிருக்கும். அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துகள் இருக்கும். அந்தச் சாட்சிகள் யார், அப்பாவுக்கு என்ன வேண்டும், எந்தத் தெருக்காரர்கள் என்று கேளுங்கள். பிறகு, அப்பாவுக்கு நிஜமாகவே எழுதத் தெரியாதா என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.