புது ஊழியரை மட்டும் ‘உறுப்பினர் இல்லை’ என்கிறதா உங்கள் ப்ரோக்ராம்?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் உபுண்டு சர்வரில், ‘அக்கவுண்ட்ஸ்’ குரூப்பில் இருப்பவர்கள் மட்டும் பில்களை எடுக்கும்படி பைத்தானில் ஒரு சிறு ப்ரோக்ராம் எழுதினேன். குரூப் ஃபைலைத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும். பழைய ஊழியர்கள் நால்வரையும் ஏற்றுக்கொள்கிறது. புதிதாகச் சேர்ந்தவரை மட்டும் ‘உறுப்பினர் இல்லை’ என்று தள்ளுகிறது. ஆனால் ஐடி (id) கட்டளையில் பார்த்தால் அவரும் அக்கவுண்ட்ஸில்தான் இருக்கிறார். பராமரிப்பு ஒப்பந்தக்காரர், எல்லாப் பயனர் கணக்குகளையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும் டைரக்டரி சர்வர் ஒன்று வாங்கினால்தான் சரியாகும் என்கிறார். அதுவரை பில் ஃபோல்டருக்கு, யாரும் எதையும் செய்யலாம் என்னும் 777 அனுமதியைக் கொடுத்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். ஒரே சர்வர், ஐந்து பேர். இதற்கு டைரக்டரி சர்வர் எதற்கு? 777 ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. ப்ரோக்ராம் பாதி இடத்தில் மட்டும் தேடுகிறது, அவ்வளவுதான்.

லினக்ஸில் ஒருவர் எந்தக் குரூப்பைச் சேர்ந்தவர் என்பது இரண்டு ஃபைல்களில் பிரிந்து கிடக்கிறது. குரூப் ஃபைலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கமா போட்டுச் சில பெயர்கள் இருக்கும். அவை கூடுதலாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்கள் மட்டுமே. இதைத் தவிர ஒவ்வொருவருக்கும் முதன்மைக் குரூப் என்று ஒன்று உண்டு. அது பாஸ்வேர்டு ஃபைலில், அவருடைய வரியில் நான்காவது இடத்தில் வெறும் எண்ணாக இருக்கும்.

உங்கள் அலுவலகத்தில் நடந்திருப்பது இதுதான். பழைய நால்வருக்கும் வழக்கம்போல அவரவர் பெயரிலேயே ஒரு முதன்மைக் குரூப் உருவாகி, பிறகு அக்கவுண்ட்ஸில் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் பெயர் பட்டியலில் ஏறியது. புதியவரின் கணக்கைத் தொடங்கும்போதே அக்கவுண்ட்ஸை முதன்மைக் குரூப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அவரும் முழு உறுப்பினர்தான், ஆனால் பட்டியலில் பெயர் வராது. பாஸ்வேர்டு ஃபைலில் அவர் வரியின் நான்காவது எண்ணையும், குரூப் ஃபைலில் அக்கவுண்ட்ஸின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு செயலுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோக்ராமுக்கு, ஒரே குரூப் என்றிருந்த, லினக்ஸுக்கு முன்னோடியான பழைய யூனிக்ஸில் இந்தப் பிரிவினைக்கு அர்த்தம் இருந்தது. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு, ஒரே சமயத்தில் பல குரூப்புகளில் இருக்கலாம் என்று ஆக்கிய பிறகும், பழைய ஏற்பாட்டை யாரும் கலைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் புதிதாக ப்ரோக்ராம் எழுத வருகிறவர்கள் எல்லாம் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பயிற்சி நிலையங்களில் கட்டளைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

திருத்தம் சிறியது. ஃபைலை நீங்களே திறந்து படிப்பதை விட்டுவிடுங்கள். பைத்தானின் பிடபிள்யூடி மாட்யூலில் கெட்பிடபிள்யூநாம் (getpwnam) என்ற அழைப்புக்கு ஊழியரின் பெயரைக் கொடுத்தால் முதன்மைக் குரூப்பின் எண் கிடைக்கும். பெயரையும் அந்த எண்ணையும் ஓஎஸ் மாட்யூலின் கெட்குரூப்லிஸ்ட்டிடம் கொடுங்கள். முதன்மை, கூடுதல் இரண்டையும் சேர்த்து எல்லாக் குரூப் எண்களையும் அது தந்துவிடும். அக்கவுண்ட்ஸின் எண்ணை ஜிஆர்பி மாட்யூலின் கெட்ஜிஆர்நாம் (getgrnam) மூலம் வாங்கி, அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிக் கேட்டால் இன்னொரு வசதியும் உண்டு. இந்த அழைப்புகள் இடிசி ஃபோல்டரில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் என்ற கான்ஃபிக் ஃபைலைப் பார்த்து, எங்கெங்கே தேட வேண்டுமோ அங்கெல்லாம் தேடும். நிறுவனம் வளர்ந்து ஒருநாள் டைரக்டரி வந்தாலும் ப்ரோக்ராமில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்குரூப்லிஸ்ட் சொல்வது பதிவேட்டில் இப்போது என்ன இருக்கிறது என்பதை. ஃபைலைத் திறக்க விடலாமா என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் முடிவு செய்வதோ, அந்தச் செயல் தொடங்கியபோது கையில் வாங்கிக்கொண்ட குரூப்புகளை வைத்து. ஒருவரை இன்று காலை பதினோரு மணிக்கு அக்கவுண்ட்ஸில் சேர்க்கிறீர்கள். அவர் ஒன்பது மணிக்கே லாகின் செய்துவிட்டார். உங்கள் ப்ரோக்ராம் ‘உறுப்பினர்தான்’ என்று சொல்லும், ஃபோல்டர் திறக்காது. ஐடி கட்டளையிலும் இதே வித்தியாசத்தைப் பார்க்கலாம்: பெயரோடு கொடுத்தால் பதிவேட்டைச் சொல்லும், பெயர் இல்லாமல் கொடுத்தால் அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பதைச் சொல்லும். இரண்டும் வேறாக இருந்தால், ஒருமுறை முழுதாக லாக்அவுட் செய்து திரும்ப வரச் சொன்னால் போதும். லாக்அவுட் செய்தாலும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் திறந்து வைத்திருந்தால் அதையும் மூட வேண்டும். உங்கள் ப்ரோக்ராம் பின்னணியில் சர்வீஸாக ஓடுகிறது, அது ஓடும் கணக்கையே ஒரு குரூப்பில் புதிதாகச் சேர்த்தீர்கள் என்றால், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் மின்சாரம் போய் வரும். சர்வர் அணைந்து எழும். எல்லாச் செயல்களும் புதிதாகத் தொடங்குவதால் குரூப்பில் சேர்த்தும் ஃபோல்டர் திறக்காத இந்தக் கோளாறு தானே மறைந்துவிடும். அந்த வாரத்தில் எதையாவது மாட்டிவிட்டுப் போனவர், அதனால்தான் சரியானது என்று பில் போடுவார். கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு அலுவலகங்கள் இப்படிக் கொடுக்கும் பணத்தைப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

777 விஷயத்துக்கு வருவோம். அதைக் கொடுத்தால் சர்வரில் கணக்குள்ள யாரும், அங்கே ஓடும் எந்த சர்வீஸும், அந்த ஃபோல்டரிலிருந்து பில்களை அழிக்கலாம், புதிதாகப் போடலாம். ஏற்றுமதி பில்களுக்கு இது ஆகவே ஆகாது. ஃபோல்டரின் குரூப்பை அக்கவுண்ட்ஸ் ஆக்கி 2770 கொடுங்கள். 770 என்றால் உரிமையாளருக்கும் அந்தக் குரூப்புக்கும் மட்டுமே அனுமதி. முன்னால் உள்ள 2 இருந்தால், உள்ளே உருவாகும் ஃபைல்களும் அதே குரூப்பில் அமையும். ஊழியர்கள் அவரவர் கணக்கில் நேரடியாக ஃபோல்டரைத் திறப்பதாக இருந்தால் கர்னலே ஆளைச் சோதித்துவிடும்; உங்கள் ப்ரோக்ராமின் சோதனைகூடத் தேவையில்லை.

யாரையாவது குரூப்பில் சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யோடு சின்ன ஏ-வும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏ இல்லாவிட்டால், நீங்கள் அங்கே எழுதாத கூடுதல் குரூப்புகளிலிருந்து எல்லாம் அவர் நீக்கப்பட்டுவிடுவார். ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கின் வேலைகளைச் செய்யவிடும் சுடோ உரிமையும் அப்படித்தான் போகும்.

அப்புறம், 777 கொடுக்கச் சொன்னவர் இதற்கு முன் என்னென்ன செய்துவைத்திருக்கிறார் என்றும் பார்த்துவிடுங்கள். கெட்என்ட் கட்டளையில் சுடோ, டாக்கர் (ப்ரோக்ராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இரண்டு குரூப்புகளையும் கேட்டு, யார் யார் பெயர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்கர் குரூப்பில் இருப்பவர் ரூட் கணக்கின் எல்லா வேலையையும் செய்ய முடியும். இந்தக் குரூப்புகளையும் யாருக்காவது முதன்மைக் குரூப்பாகக் கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்டவர் பெயர் இந்தப் பட்டியலிலும் வராது. ஆகவே பாஸ்வேர்டு ஃபைலின் நான்காவது இடத்தில் அந்த இரண்டு குரூப்புகளின் எண்களும், ரூட் குரூப்பின் எண்ணான 0-வும், ரூட்டின் சொந்த வரியைத் தவிர வேறு யார் வரியிலாவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் யாராவது இருந்தால், எதற்காகச் சேர்த்தீர்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.