8 அடிக்கு 5 அடி சரக்கு டிரெய்லரை இருவர் தங்கும் கேம்பராக மாற்ற முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது. மலேசியாவின் பேராக்கில், பீடோரில் இருக்கும் ஒருவரிடம், பாசார் மாலாமுக்குச் (இரவுச் சந்தைக்கு) சாமான் ஏற்றிய மூடிய டிரெய்லர் சும்மா கிடக்கிறது. நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உள்ளுயரம் 6 அடி, ஒற்றை அக்சில் (சக்கர அச்சு). அதைக் கேம்பராக்கி, ஹைலக்ஸ் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு மனைவியோடு கேமரன் மலைக்கும் கடற்கரைக்கும் போய்த் தங்க ஆசை. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 50 மி.மீ. ஃபோம், தடித்த பலகை, 1 குதிரைத்திறன் ஏர்கோன் என்று பட்டியலும் போட்டுவிட்டார்.

தாராளமாக மாற்றலாம். ஆனால் அந்தப் பட்டியல் பனி கொட்டும் ஊருக்குப் போட்டது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் கவலை. நமக்கோ பகலில் பெட்டி கொதிக்கும், சாயங்காலம் மழை ஊற்றும், ராத்திரி எல்லாம் ஈரம். அதனால் முதலில் எடை, அடுத்து ஒழுகல், அதற்கடுத்துக் காற்று என்ற வரிசையில் பணத்தைப் போடுங்கள். ஃபோம் நாலாவது. ஏர்கோனை இப்போதே அடித்துவிடுங்கள். ஏன் என்பது கீழே மின்சாரக் கணக்கில் வரும்.

கட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா). சரக்கு டிரெய்லர் என்று பதிவான வண்டியில் ஜன்னல் வெட்டிக் கட்டில் போட்டால் அது வேறு வகை வண்டி. உட்புற அமைப்பை அளவோடு ஒரு தாளில் வரைந்து, எடைக் கணக்கையும் சேர்த்து எடுத்துப் போய், அனுமதிக்கும் பரிசோதனைக்கும் என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வண்டி ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

இனி எடை. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் உச்சவரம்பு 750 கிலோ. நல்ல எல்லைக்கோடு அது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் இரும்புச் சட்டப் பெட்டி ஏறக்குறைய 430 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 320. சுவருக்கும் கூரைக்கும் 5 மி.மீ. பிளைவுட் 6 பலகை, 51 கிலோ. 25 மி.மீ. ஃபோம் அட்டை 14. கட்டில் சட்டம் 28, மெத்தை 8, அலமாரி 25, பேட்டரியும் வயரும் 20, சோலார் பேனல் 12, குளிர்பெட்டி 15, ஃபேனும் ஜன்னல்களும் 20. தண்ணீர் இரண்டு தோம்பு (கேன்), 40. துணிமணி, அடுப்பு, நாற்காலி, கூடாரத் துணி 60. கூட்டினால் 293, கையில் மிஞ்சுவது 27 கிலோ. இதே வேலையை 12 மி.மீ. பலகையில் செய்தால் பலகை ஒன்று 20 கிலோ, ஆக ஆறும் 120 கிலோ, எல்லை தாண்டிப் போச்சு. தச்சர் ‘கெட்டியா இருக்கட்டுமே’ என்பார். கட்டிலின் சட்டங்களுக்கு மட்டும் 12 மி.மீ. போடச் சொல்லுங்கள்.

வெறும் டிரெய்லரை முதலில் எடை போட்டுவிட்டே வேலையைத் தொடங்குங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் லோரித் தராசு இருக்கும். குலை லோரிகள் வரிசை கட்டாத காலை நேரத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தத் தராசு பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படியில்தான் காட்டும். மொத்த எடைக்கு அது போதும், கொக்கி எடைக்குப் போதாது.

கொக்கி எடை என்றால் டிரெய்லரின் மூக்கு, இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இணைப்புப் பந்தின் மேல் இறக்கும் பாரம். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். 750 கிலோவுக்கு 75 முதல் 110 வரை. குறைந்தால் வால் கனத்து, நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையட்டும். அளப்பதற்குக் குளியலறைத் தராசு போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தராசின் மேல் மரக்கட்டை நிறுத்தி, அதன் தலையில் கப்ளரை (டிரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் பகுதி) உட்கார வையுங்கள். கட்டையின் உயரம் ஹைலக்ஸில் மாட்டும்போது இருக்கும் உயரமாகவே இருக்கட்டும். மூக்கு தாழ்ந்தால் எண் மாறும்.

சாமானை நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். கப்ளரிலிருந்து அக்சில் வரை 2.4 மீட்டர் என்றால், 20 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் முன்னால் தள்ளும்போது கொக்கியில் 8 கிலோ கூடும். அதனால் தண்ணீர்த் தோம்பு அக்சிலுக்கு நேர் மேலே, பேட்டரியும் குளிர்பெட்டியும் முன்பக்கம், கனமான எதுவும் பின்கதவோரம் வேண்டாம். கப்ளரின் அளவையும் பந்தின் அளவையும் முத்திரை பார்த்து ஒப்பிடுங்கள். 50 மி.மீ. கப்ளர் 47.6 மி.மீ. பந்திலும் மாட்டிக்கொள்ளும், முதல் பெரிய குழியில் கழன்றுகொள்ளும்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய ரோடு குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. ஏறுவது இஞ்சின் பாடு, இறங்குவது உங்கள் பாடு. பிரேக் இல்லாத 750 கிலோ பின்னால் தள்ளிக்கொண்டே வரும். கியரை இறக்கிவிட்டு இஞ்சினிலேயே பிடியுங்கள். சுற்றுதான் என்றாலும் சிம்பாங் பூலாய் ரோடு அகலமானது, டிரெய்லருக்கு அதுதான் வசதி. மலைக்கு அடிக்கடி போகிற எண்ணம் இருந்தால், 750க்குள்ளேயே இருந்தாலும், பிரேக் உள்ள அக்சில் மாற்றுவது வீண் செலவாகாது.

ஒழுகலுக்கு வருவோம். பெரும்பாலான பெட்டிகளைக் கொல்வது இதுதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கன் குழாயைத் திறந்ததும் புளிக்காடி வாடை அடித்தால் டிரெய்லர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் துத்தநாகத் தகட்டை அரிக்கும், காய்ந்த பின் அதன் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. ஜன்னல், ஃபேன் விளிம்புகளுக்கு அடியில் பியூட்டைல் டேப் (இறுகாத ரப்பர்ப் பசை நாடா). வெளி மூட்டுகளில் பாலியூரித்தேன் சீலண்ட். கூரையில் மட்டும் தானே பரவிப் படியும் கூரை சீலண்ட்.

ஜன்னல் ஓட்டையை இப்படி வெட்டுங்கள். உள்ளிருந்து சட்டங்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு, நாலு மூலையிலும் சிறு துளை போட்டால் வெளிப்பக்கம் கோடு கிடைத்துவிடும். கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி, இரும்புக்கான நுண்பல் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் மெதுவாக வெட்டுங்கள். வெட்டுத் தூளை அன்றே காந்தத்தாலும் துடைப்பத்தாலும் எடுத்துவிடுங்கள். ஓர் இரவு மழைக்குள் அந்தத் தூள் பெயிண்டில் பழுப்புப் புள்ளியாகப் படிந்துவிடும். வெட்டிய விளிம்புக்குத் துத்தநாக பிரைமர் இரண்டு கோட். பியூட்டைல் டேப்பை விளிம்பு முழுக்க இடைவெளி விடாமல் ஒட்டி, டேப்பின் இரு நுனியும் சேரும் இடம் மேல்பக்கம் வராமல் பாருங்கள். ஸ்குரூவை ஒரே மூச்சில் முடுக்க வேண்டாம். சுற்றிலும் சாம்பல் நிறப் பசை மெல்லிய கயிறுபோல் பிதுங்கும் வரை முடுக்கி நிறுத்துங்கள். மறுநாள் மத்தியான வெயிலில் பசை இளகியிருக்கும். அப்போது இன்னொரு அரைச்சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் தகட்டால் சீவுங்கள், கத்தி வேண்டாம்.

கூரை ஃபேனுக்கு 355 மி.மீ. சதுர ஓட்டை. கூரைக் குறுக்குச் சட்டங்கள் 400 மி.மீ. இடைவெளியில் இருந்தால் எதையும் அறுக்காமல் நடுவில் அடங்கிவிடும், 600 மி.மீ. என்றால் ஓட்டையைச் சுற்றிப் புதிதாகச் சட்டம் வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தகடு குழிந்து தண்ணீர் தேங்கும். எல்லாம் முடிந்து ஒரு முழு நாள் காய்ந்ததும் குழாய்த் தண்ணீரால் சோதியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மூட்டிலும் சில நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பிடிக்கவே முடியாது. இந்தச் சோதனை முடியும்வரை உள் பலகை ஒன்றையும் அடிக்கக் கூடாது. மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் போகிறவர் என்றால் இரண்டு தடவை சோதியுங்கள்.

சூட்டுக்கு மலிவான மருந்து வெள்ளைக் கூரைப் பெயிண்ட். அதற்கடுத்தது நாற்றங்காலில் கட்டும் கறுப்பு நிழல் வலை. நாலு கம்பி நட்டு, கூரைக்கு 20, 30 செ.மீ. மேலே வலையை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் காற்று ஓடட்டும். கூரைத் தகட்டில் வெயிலே படாவிட்டால் உள்ளே அடைக்கும் ஃபோமுக்கு வேலை பாதி குறையும். சோலார் பேனல் மட்டும் வலைக்கு வெளியே வர வேண்டும். அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய ஃபோம் வாங்கினால், தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே 20 மி.மீ. காலி இடம் விடுங்கள். தகட்டோடு ஒட்டிவிட்டால் அந்தத் தாள் வெறும் அலங்காரம். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். நனைந்து தொங்கி, பூஞ்சை பிடிக்கும்.

காற்று மேலே போக வேண்டுமென்றால் கீழே நுழைய வழி வேண்டும். தலைமாட்டில் தாழ்வாக ஒரு ஜன்னல், கால்மாட்டுக் கூரையில் ஃபேன். அப்போதுதான் காற்று உடம்பின் மேல் படிந்து போகும். ஜன்னலை மூடிவிட்டு ஃபேனைப் போட்டால் சத்தம்தான் மிச்சம். கேமரனில் குளிருகிறதென்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்தால், இருவர் மூச்சிலும் வேர்வையிலும் விடியற்காலைக்குள் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியாகி, இரும்புச் சட்டங்களில் முத்து முத்தாக நிற்கும். ஃபேனை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் முழுப்பலகை போடாமல் இடைவெளி விட்ட சட்டங்களாக அடியுங்கள், இல்லையென்றால் மெத்தையின் அடிப்பக்கம் கறுத்துவிடும். 5 அடி அகலத்தில் நிரந்தரக் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. பகலில் 2 அடி பெஞ்ச், ராத்திரியில் இழுத்தால் 4 அடி, சட்டங்கள் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கட்டில்தான் இதற்குத் தோது.

மின்சாரம். 12 வோல்ட் ஃபேன் சராசரி 2 ஆம்ப், 9 மணி நேரம்: 18 ஏஎச் (ஆம்ப்-மணி). 45 வாட் கம்ப்ரஸர் குளிர்பெட்டி நம் வெயிலில் பாதி நேரம் ஓடும்: 42 ஏஎச். விளக்கும் ஃபோனும் 7. ஆக நாளொன்றுக்கு 67. 100 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 80 எடுக்கலாம். அதே அளவு ஈயப் பேட்டரியில் 50தான், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். 200 வாட் பேனல் சுமாரான நாளில் 44 ஏஎச் கொடுக்கும். தினமும் 23 குறைவு, ஆகவே மூன்று நாள் ஓடும்; அடைமழையென்றால் ஒரு நாள்தான். 1 குதிரைத்திறன் ஏர்கோன் 750 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் நிறைந்த பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்ப் ஃபியூஸ், அங்கிருந்து 16 சதுர மி.மீ. வயர். குளிர்பெட்டிக்கும் ஃபேனுக்கும் தனித்தனி ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. பலநார் வயர். வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றைக்கம்பி வயர் ரோட்டு அதிர்வில் முனையில் ஒடியும். மெல்லிய வயர் போட்டால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்ட் இறங்கி, பேட்டரி நிறைந்திருந்தும் குளிர்பெட்டி நின்றுவிடும். ஆட்கள் குளிர்பெட்டியைக் குறை சொல்வார்கள். குற்றம் வயரில் இருக்கும். செம்பனைத் தோட்டம் பக்கத்தில் என்றால் எலிக்குக் குறைவிருக்காது. வயரைக் குழாய்க்குள் விட்டு, தரையில் உள்ள 6 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் துருப்பிடிக்காத கம்பி வலையால் அடையுங்கள். காற்றுத் துளைகளுக்கும் அதே வலை, குளவி மண் வைத்துவிடும்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், கூடாரத் துணிக்குக் கீழே, சிறு பியூட்டேன் டப்பி அடுப்பில். வீட்டு 14 கிலோ கேஸ் தோங் இந்த வண்டிக்கு ஆகாது. சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் கட்டிலுக்கு அடியில் தேங்கும். டப்பியை இரவில் வெளிப்பெட்டியில் வையுங்கள். அடுப்பையோ கரியையோ குளிருக்காக உள்ளே கொண்டுவராதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

நிறுத்தும் இடமும் பாருங்கள். செம்பனை மட்டை ஒன்று விழுந்தாலே கூரை குழியும். துரியான் மரத்தைச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாகச் சக்கரம். சும்மா கிடந்த டிரெய்லரின் டயரில் பூ (தரையில் படும் வரிகள்) தேயாமல் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைத்து, ஒரு ஜோடி பேரிங் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நட்டை முதல் 80 கி.மீ. ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறங்கையை இரண்டு சக்கரக் குடத்தின் பக்கமும் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பேரிங்கை அங்கேயே கழற்றிப் பாருங்கள், அடுத்த ஊர் வரை இழுக்காதீர்கள்.