பிளக் மாற்றிய பிறகு வந்த மிஸ்ஸிங்

கேள்வி: 40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டதால், எனது நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்குகளை வீட்டிலேயே புதிதாக மாற்றினேன். அதுவரை தொந்தரவே தராத வண்டி, இப்போது ஐடிலிங்கில் உதறுகிறது. மேட்டில் ஏறும்போது இழுக்காமல், இன்ஜின் விட்டுவிட்டுத் திணறி மிஸ்ஸிங் அடிக்கிறது. செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு காயில்களையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் நான்கு காயில்களும் ஒருசேரப் பழுதாவது மிக அரிது. பிளக் மாற்றியதும் தொடங்கிய கோளாறு என்பதால், அந்த வேலையில் கைபட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிடக்கூடும்.

வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீட்டை ஸ்கேனர் கருவி காட்டும்; அதன் கடைசி எண்ணே சிலிண்டரைக் காட்டிவிடும். பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர் என்று பொருள். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, மூன்றாவது காயிலையும் முதலாவதையும் இடம் மாற்றிப் பொருத்தி, கனெக்டர்கள் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டனவா என்று உறுதிசெய்து, குறியீட்டை அழித்த பின் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0301 என மாறினால், குறை அந்த ஒரு காயிலில்தான். அதை மட்டும் மாற்றினால் போதும். பி0303 ஆகவே நின்றால் பிளக்குகளை அதேபோல இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால்தான் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷனையும் சந்தேகிக்க வேண்டும். எந்தச் சிலிண்டரையும் குறிக்காத பி0300 வந்தால், வேலையின்போது கழற்றிய காற்றுக்குழாய் ஏதேனும் சரியாக மாட்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய பிளக் என்பதாலேயே அது நல்ல பிளக் ஆகிவிடாது. கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்கு எளிதில் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். முனைகளுக்கிடையிலான இடைவெளியும் குறுகியிருக்கலாம். மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், அந்த இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் விரிசல் வழியாகவோ, காயிலின் ரப்பர் உறை கிழிந்த இடத்தின் வழியாகவோ இன்ஜின் உலோகத்துக்குப் பாய்ந்துவிடுகிறது. தாங்கள் மேட்டில் உணரும் மிஸ்ஸிங்குக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பீங்கானின் மேல் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால், பிளக்கோடு ரப்பர் உறையையும் மாற்றிவிடுங்கள். பழைய உறையின் உட்புறம் படிந்திருக்கும் கரி, புதிய பிளக்கிலும் அதே பாதையை உண்டாக்கிவிடும்.

இடைவெளியை வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இரிடியம் பிளக் என்றால் நடு முனையை நெம்பவே கூடாது. பிளக்கைப் பொருத்தும்போது முதலில் விரலாலேயே மரையில் ஏற்றி, பிறகு முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்: வாஷருடன் வரும் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரையானால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டரும், 12 மில்லிமீட்டரானால் 15 முதல் 20 நியூட்டன் மீட்டரும் பொதுவான அளவு.

பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால், வால்வு கவரை ஒட்டிய சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதிய காயில் போட்டால், அதன் ரப்பர் உறையும் எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும்.