1967 மஸ்டாங் கூப்பே: அட்வான்ஸ் கொடுத்த பிறகு கண்ணில் பட்ட ஓர் எழுத்து

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் வசிக்கிறேன். விஸ்கான்சினில் ஒருவர், புதுப்பித்த 1967 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே ஒன்றை 38,500 டாலருக்கு விற்கிறார். "ஒரிஜினல் வி8, மேட்சிங் நம்பர்ஸ், ஃப்ரேம்-ஆஃப் ரெஸ்டோரேஷன், துரு கிடையாது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். நம் பக்கத்து ஊர் மில்பிடாஸில் செய்த வண்டி என்றதும் ஆசையை அடக்க முடியவில்லை. 3,000 டாலர் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். அப்புறம் வின் (வண்டியின் அடையாள எண்) படத்தைப் பார்த்த நண்பர், ஐந்தாவது எழுத்து 'டி' (T), இது ஆறு சிலிண்டர் வண்டி என்கிறார். விற்பவரைக் கேட்டால், "நான் வாங்கும்போதே வி8தான் இருந்தது. ஆஸ்-இஸ் (இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன்) என்று கையெழுத்துப் போட்டு மீதியை இந்த வாரமே அனுப்புங்கள், இன்னொருவர் காத்திருக்கிறார். அட்வான்ஸ் திரும்பாது" என்கிறார். அட்வான்ஸ் கிடைக்குமா? இல்லை, வாங்கிவிட்டு இங்கே வழக்குப் போடலாமா?

பதில்: மீதிப் பணத்தை இப்போது அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. 1967 மஸ்டாங்கின் வின், எழுத்தும் எண்ணுமாக 11 இடங்கள் கொண்டது. முதலில் வரும் 7 மாடல் ஆண்டு. அடுத்த 'ஆர்' சான் ஹோசே ஆலையைக் குறிக்கும். அந்த ஆலை இருந்தது மில்பிடாஸில்தான். 1983ல் மூடினார்கள், இன்றைக்கு கிரேட் மால் இருக்கும் இடம். ஆக, உங்கள் வின்னில் 'ஆர்' இருந்தால் ஊர் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. 01 என்றால் கூப்பே. ஐந்தாவது எழுத்து எஞ்சினுக்கானது: 'டி' 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர், 'சி' 289 வி8. ஆலையிலிருந்து 'டி' என்று வந்த வண்டியில் இன்று வி8 இருந்தால், யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள்.

நண்பர் பார்த்த படம் எதனுடையது என்று கேளுங்கள். கதவில் ரிவெட் அடித்த தகடு நகலாகவும் விற்பனைக்குக் கிடைக்கிறது. அதைவிட நம்பத்தக்கது, எஞ்சின் அறையில் ஓட்டுநர் பக்கத்து ஏப்ரன் தகட்டில் (முன்சக்கரத்துக்கு மேலே உள்ள உள்பக்கத் தகடு) குத்தியிருக்கும் எண். சக்கரங்களையும் பாருங்கள். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் ஒரு சக்கரத்துக்கு நான்கு நட்டு, வி8ல் ஐந்து. எஞ்சினை மட்டும் மாற்றி, பழைய அச்சையும் பிரேக்கையும் அப்படியே விட்டிருந்தால் அது விலைப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

"மேட்சிங் நம்பர்ஸ்", அதாவது எஞ்சினில் உள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் பொருந்துவது, என்ற சொல்லும் எனக்கு இடிக்கிறது. 1968 மாடலுக்கு முன்பு ஃபோர்டு வின் எண்ணை எஞ்சினில் குத்தியது 'கே' கோட் 289 என்ற உயர்திறன் எஞ்சினுக்கு மட்டும்தான். சாதாரண 1967 வி8ல் வார்ப்புத் தேதி பொருந்துகிறதா என்று பார்க்கலாம், ஒப்பிட வின் எண்ணே எஞ்சினில் இருக்காது. "ஃப்ரேம்-ஆஃப்", அதாவது உடலை ஃப்ரேமிலிருந்து கழற்றிப் புதுப்பித்தது, என்பதும் அப்படித்தான். மஸ்டாங்குக்குத் தனி ஃப்ரேம் கிடையாது, உடலும் தளமும் ஒன்றாக வெல்டு செய்தவை. விற்பவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதையே இவரும் திருப்பிச் சொல்லலாம். ஆனால் சட்டம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

ஏன் என்று சொல்கிறேன். பொருள் விற்பனைக்கு அமெரிக்காவில் லூசியானா தவிர எல்லா மாநிலங்களிலும் சீரான வணிகச் சட்டத்தின் இரண்டாம் பகுதி நடைமுறையில் இருக்கிறது. அதன் 2-313 பிரிவின்படி, பேரத்துக்கு அடிப்படையாக இருந்த வர்ணனை எதுவும் உத்தரவாதம்தான். "வாரண்டி" என்ற சொல் வேண்டியதில்லை. தான் சொன்னது தவறு என்று விற்பவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. "அருமையான வண்டி" என்பது வெறும் புகழ்ச்சி. "ஒரிஜினல் வி8" அப்படியல்ல, சரிபார்க்கக்கூடிய உண்மைக் கூற்று.

அப்படியானால் ஆஸ்-இஸ்? அது அடிப்பது பெரும்பாலும் சட்டம் தானாகத் தரும் மறைமுக உத்தரவாதங்களை. தனிநபர் விற்கும்போது, வியாபாரியிடம் கிடைக்கும் தர உத்தரவாதம் எப்படியும் உங்களுக்குக் கிடையாது. வெளிப்படையாகச் சொன்ன வர்ணனையை ஆஸ்-இஸ் என்ற இரண்டு சொல் எளிதில் அழித்துவிடாது. ஆபத்து வேறொரு வரியில் இருக்கிறது: "இந்தத் தாளில் உள்ளதே முழு ஒப்பந்தம்." அதில் கையெழுத்திட்டால், விளம்பரத்தில் சொன்னதை நீதிமன்றத்தில் காட்டவே 2-202 பிரிவு தடையாக வரலாம். அவர் அனுப்பும் பில் ஆஃப் சேலில் (விற்பனைப் பத்திரத்தில்) அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மீதி 35,500 டாலரை அனுப்பினால், "ஒரிஜினல் வி8 என்று நம்பித்தான் வாங்கினேன்" என்று நாளைக்கு எப்படிச் சொல்வீர்கள்? நண்பரோடு பேசிய குறுஞ்செய்திகளை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கும். இன்று உங்கள் கையில் இருக்கும் வலுவான வழக்கு, பணம் போன மறுநாள் நொண்டி வழக்காகிவிடும்.

"இங்கே வழக்குப் போடலாமா" என்பதற்கு, கிட்டத்தட்ட உங்கள் கதையே ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கலிபோர்னியாக்காரர் ஒருவர் ஈபே வழியாக, விஸ்கான்சினில் இருந்த 1964 ஃபோர்டு கேலக்ஸி 500 எக்ஸ்எல் ஒன்றை 34,106 டாலருக்கு வாங்கினார். 'ஆர் கோட்' என்று விளம்பரம் (இங்கே 'ஆர்' எஞ்சினுக்கான எழுத்து, ஆலைக்கானது அல்ல). வந்த வண்டி 'ஆர் கோட்' இல்லை என்றார். வழக்கைக் கலிபோர்னியாவில் போட்டார். 2008ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே ஒரு விற்பனைக்காக விஸ்கான்சின்காரரைக் கலிபோர்னியா நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வண்டி பொய்யா மெய்யா என்ற பேச்சுக்கே போகவில்லை. ஆக, நீங்கள் வழக்குப் போட வேண்டிய இடம் விஸ்கான்சின். விமானச் செலவு, அங்கே ஒரு வக்கீல், வண்டியைச் சோதிக்க நிபுணர் என்று சேர்த்துப் பாருங்கள்.

சரி, அட்வான்ஸ். "திரும்பாது" என்று அவர் சொல்வது, நீங்கள் மனம் மாறிப் பின்வாங்கினால் பேசலாம். அவர் சொன்ன வண்டியே அங்கு இல்லை என்றால் பின்வாங்குவது நீங்கள் அல்ல. வர்ணனைக்குப் பொருந்தாத பொருளை மறுக்க 2-601 பிரிவும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க 2-711 பிரிவும் இடம் தருகின்றன. விளம்பரம் மாறுவதற்குள் அதன் படத்தை எடுத்து வையுங்கள். பிறகு மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்: விளம்பரத்தில் இருந்த சொற்கள் இவை, வின் காட்டுவது இது, ஆகவே இந்த வண்டியை மறுக்கிறேன், 14 நாளில் 3,000 டாலரைத் திருப்புங்கள். கோபமான வரி ஒன்றும் வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் முறையிடுங்கள். வயர் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பணப் பரிமாற்றம்) என்றால் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை. அவர் அசையாவிட்டால், விஸ்கான்சின் சிறு வழக்கு நீதிமன்றத்தின் உச்சவரம்பு 10,000 டாலர், உங்கள் தொகை அதற்குள் அடங்கும்.

ஒருவேளை இத்தனைக்குப் பிறகும் அந்த வண்டி வேண்டும் என்று மனம் சொன்னால், அதில் தவறில்லை. நன்றாக வேலை செய்த ஆறு-எட்டு மாற்றம் ஓட்டுவதற்கு இனிமையான வண்டிதான். விலை மட்டும் வேறு. 1967ல் மஸ்டாங் கூப்பே மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள், "இன்னொருவர் காத்திருக்கிறார்" என்ற அவசரம் உங்களுக்குத் தேவையில்லை. மார்ட்டி ரிப்போர்ட் வாங்குங்கள். ஃபோர்டின் ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தருவது, 1967 மாடலிலிருந்து கிடைக்கிறது. அந்த ஊரில் விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை வைத்து வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விஸ்கான்சினில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள்; கௌல் (முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி), தளத் தகடு, டார்க் பாக்ஸ் (தளத்தை வலுப்படுத்தும் பெட்டி அமைப்பு) ஆகிய இடங்களில் பெயிண்டுக்கு அடியில் புட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பேசி முடித்ததை பில் ஆஃப் சேலிலேயே எழுதுங்கள்: ஆறு சிலிண்டராகப் பிறந்து வி8 ஆக மாற்றிய வண்டி, துரு இன்ன இன்ன இடங்களில் இல்லை, ஏப்ரன் எண்ணும் டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணும் ஒன்றே.

அந்தக் கடைசி வரியை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1959 கார்வெட் ஒன்றைப் புதுப்பித்தபோது வின் தகட்டைக் கழற்றி மாட்டியதற்காகவே, 2017ல் கான்சாஸ் காவல்துறை பறிமுதல் செய்தது. வாங்கியவர்மேல் குற்றம் இல்லை, வண்டி மட்டும் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. 2022ல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. வெளிமாநில வண்டி என்பதால் கலிபோர்னியா டிஎம்வியிலும் (வாகனப் பதிவுத் துறை) வின்னை நேரில் சரிபார்ப்பார்கள். டைட்டிலில் இருப்பது விற்பவரின் பெயரா, அடமானம் ஏதாவது பாக்கியா என்பதையும் பணம் போவதற்கு முன் பாருங்கள். பெயர் வேறொருவருடையது என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.