அம்மம்மாவின் முத்துமாலை

வணக்கம் ஐயா. 1947இல் எலிசபெத் இளவரசியின் கல்யாணப் படத்தில் கழுத்தில் இரண்டு முத்துமாலை தெரிகிறது. அவை யாருடையவை? எங்கள் அம்மம்மாவின் முத்துமாலையை மகளின் கல்யாணத்துக்குப் போட இருக்கிறோம். நூல் தளர்ந்திருக்கிறது. புளித்தண்ணீரில் கழுவிக் கோர்க்கக் கொடுக்கலாமா?
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

புளித்தண்ணீர் வேண்டவே வேண்டாம். முத்து பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, வியர்வை மூன்றும் அதை அரிக்கும். போன மினுக்கம் திரும்பாது. ஈரம் தொட்ட மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

படத்தில் உள்ளவை ஆன் அரசி, கரோலைன் அரசி பெயரால் வழங்கும் மாலைகள்; முன்னதில் 46 முத்து, பின்னதில் 50. விக்டோரியா மகாராணி அவற்றைத் தமக்குப் பின் அரியணை ஏறுவோருக்கென்று விட்டுப் போனார். தகப்பன் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் மகளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். கல்யாணத்தன்று காலை அவை சென்ற் ஜேம்ஸ் மாளிகையில் பரிசுப் பொருட்களோடு பார்வைக்கு இருந்தன. இளவரசியின் செயலாளர் ஜோன் கொல்வில் விரைந்துபோய் எடுத்து வந்தார். உங்கள் மாலையை முதல் நாளே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நூல். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் தெரிந்தாலோ, துளையோரம் பழுப்பேறியிருந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் கொடுப்பதற்கு முன் மாலையை நேராகக் கிடத்திப் படமெடுத்து, முத்துகளை எண்ணி எழுதி வையுங்கள். நடுவில் பெரியது, ஓரம் போகப்போகச் சிறியது என்ற வரிசை ஒருமுறை குலைந்தால் மீட்பது பாடு.

பட்டுநூல்தான் கேளுங்கள், நைலோன் வேண்டாம். ஒவ்வொரு முத்துக்கும் பிறகு ஒரு முடிச்சு: முத்தோடு முத்து உரசாது, நூல் அறுந்தாலும் ஒன்றே விழும். முன்பு முடிச்சில்லாமல் கோர்த்த மாலையானால் நீளம் ஓர் அங்குலத்துக்கு மேலும் கூடலாம். மகளின் கழுத்துக்கு அளந்து சொல்லுங்கள். கொக்கிப் பக்கம் நூல் தேயாமல் சுருள் கம்பி போடச் சொல்லுங்கள்.

பழைய முத்தின் துளை மிக ஒடுக்கமாக இருக்கும். "துளையைப் பெருப்பித்துத் தரட்டுமா?" என்று கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள்! துளையோரம் தெறித்தால் முத்தே போச்சு. மெல்லிய பட்டு போதும். "மெருகு போட்டுத் தருகிறேன்" என்றாலும் வேண்டாம், மேல்தோல்தான் தேயும்.

கல்யாணத்தன்று சென்ற், பவுடர், தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாலை. கழற்றும்போது அதுவே முதலில். கொழும்பு வெக்கைக்கு வியர்த்திருக்கும், துடைத்து ஓர் இரவு துணிமேல் கிடத்துங்கள். தொங்கவிட்டால் பட்டு இழுபடும். தங்க நகையோடு ஒரே டப்பாவில் போட்டால் கீறும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையும் ஆகாது, பருத்தித் துணிப்பை நல்லது. அடிக்கடி போட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நூலைப் பாருங்கள்.