10 வயது மகள் பாலேயில் கால்விரல் நுனியில் நின்று ஆடும் பாயின்ட் ஷூ கேட்கிறாள், கணுக்காலும் வலிக்கிறது என்கிறாள். வாங்கித் தரலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பாலேயில் விரல்நுனியில் ஏறுவதற்கு நடன மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் வரம்பு 12 வயது. அதுவும் முறையான பயிற்சியில் நாலாவது ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். "எங்க டீச்சர் ஒன்பது வயசுலயே ஏத்திட்டாங்க, ஒண்ணும் ஆகலை" என்று சிலர் வருவார்கள். வயது மட்டும்தான் கணக்கு என்று நானும் சொல்லவில்லை. பலமில்லாத கால் 14 வயதிலும் தாங்காது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெறுங்காலோடு, சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். முட்டி மடங்காமல், ஒரே உயரத்தில் 20 தடவை வர வேண்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து குதிகாலைப் பாருங்கள். 12, 13 எண்ணும்போதே பாரம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால், கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைக்குப் பலம் போதவில்லை. கணுக்கால் பிசகுவது இப்படித்தான். விரல்கள் தரையைப் பிறாண்டினால் பாதத்தின் உள்தசைகள் சோர்ந்துவிட்டன.

அடுத்து ப்ளியே, அதாவது பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நின்று முட்டியை மடக்குவது. மடங்கும்போது முட்டி இரண்டாம் விரலுக்கு நேராகப் போக வேண்டும். முட்டி உள்ளே விழுந்து, பாதத்தின் வளைவு தரையில் அமுங்கினால், காலின் அந்த வெளித் திருப்பம் இடுப்பிலிருந்து வரவில்லை. பாதத்தை முறுக்கிச் சமாளிக்கிறாள். பரதத்தில் அரைமண்டிக்கும் இதே வியாதிதான்.

வலி எந்த இடம் என்று நீங்கள் சொல்லவில்லை. குதித்த பிறகு குதிகாலின் பின்பக்கம் வலித்தால், இந்த வயதில் பெரும்பாலும் எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் எரிச்சல். குதிப்பைக் குறைத்தால் அடங்கும். பாதத்தை நீட்டும்போது குதிகாலுக்கு மேலே கிள்ளினால், அங்கே திசு நசுங்குகிறது. உள்கணுக்காலுக்குப் பின்னால் என்றால் பெருவிரலை மடக்கும் தசைநாரில் கோளாறு. பாதத்தின் மேல், நடுவில், ஒரே புள்ளியில் அழுத்தியதும் துடித்தால் கீறல் முறிவாக, அதாவது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று திரும்ப வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

பாதத்தை வளைக்க ஒரு மரக்கருவி ஆன்லைனில் விற்கிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. வளைவு போதாத பிள்ளைக்கு அது எலும்பு மூட்டை நெருக்கும், ஏற்கெனவே வளையும் பிள்ளைக்கு எலும்புகளைப் பிணைக்கும் நாரைத் தளர்த்தும். யாருக்காக விற்கிறார்களோ!

ஷூ வாங்கும் நாள் வரும்போது 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். பள்ளிக்கூட ஷூ இல்லை அது. உள்ளே பாதம் வழுக்கி இறங்கி, உடம்பின் பாரம் மொத்தமும் பெருவிரல் நகத்தில் போய் நிற்கும்.