வில்லோவையும் பாப்லரையும் மொட்டைக் கொண்டு பிரித்தறியலாம்

வில்லோ, பாப்லர் மரங்களை எப்படிப் பிரித்தறிவது, தோட்டத்தில் அவற்றை எங்கே நடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் குழப்பம் இயல்பானதே. குறுகி நீண்ட இலை என்றால் வில்லோ, அகன்ற இலை என்றால் பாப்லர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்பேன். ஆட்டு வில்லோவின் இலை அகன்றது. யூப்ரடீஸ் பாப்லரோ இளந்தளிர்களில் வில்லோவைப் போன்ற குறுகிய இலைகளையும் முதிர்ந்த கிளைகளில் அகன்ற இலைகளையும் ஒரே மரத்தில் தாங்கி நிற்கும்.

நான் முதலில் பார்ப்பது மொட்டைத்தான். வில்லோவின் மொட்டு பெரும்பாலும் கிளையோடு ஒட்டிப் படிந்திருக்கும். ஒரே ஒரு செதில் அதைத் தொப்பி போல முழுவதும் மூடியிருக்கும். பாப்லரின் மொட்டிலோ பல செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். பல இனங்களில் அதைத் தொட்டால் பிசின் விரலில் ஒட்டும். கிளையின் நுனியில் பாப்லருக்கு உண்மையான நுனிமொட்டு உண்டு, வில்லோவுக்கு இல்லை. இலையுதிர்ந்த காலத்திலும் இந்த அடையாளங்களைப் பார்க்க முடியும் என்பதே இவற்றின் பெரிய பயன். பூக்கும் பருவமானால், வில்லோவின் பூங்கதிர்கள் பெரும்பாலும் நிமிர்ந்து நின்று தேனால் பூச்சிகளை அழைக்கும். பாப்லரின் கதிர்கள் தொங்கியபடி மகரந்தத்தைக் காற்றில் விடும்.

நடும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது வேர். ஈரத்தைத் தேடி வேகமாகப் பரவும் இந்த வேர்களே ஓடைக்கரை மண்ணை இறுகப் பிடித்து அரிப்பைத் தடுக்கின்றன. அதற்காக வில்லோவின் உயிருள்ள குச்சிகளைக் கரையில் ஊன்றினாலே போதும், அவை வேர்விட்டுத் தழைத்துவிடும். அதே வேர்கள் விரிசல் கண்ட கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து அடைத்தும் விடும். ஆகவே கட்டடத்துக்கும் குழாய்களுக்கும் அருகில் இவற்றை நடவே வேண்டாம். குளத்தங்கரையில் இடம் தாராளமாக இருந்தால் தாழ்ந்து தொங்கும் வில்லோவுக்கு இணையான அழகு வேறில்லை.

காற்றுத் தடுப்புக்குத் தூண்போல் உயரும் லொம்பார்டி பாப்லரை வரிசையாக நடுவார்கள். அது விரைவில் வளரும். ஆனால் நோய்த்தாக்குதலால் பல இடங்களில் சீக்கிரமே பட்டுப்போகிறது. நீண்டகாலத் தடுப்பு வேண்டுமானால் அதனிடையே மெதுவாக வளரும் வேறு மரங்களையும் இப்போதே நட்டுவிடுங்கள். பாப்லரில் ஆண், பெண் தனித்தனி மரங்கள். விதையோடு பறக்கும் பஞ்சு பெண் மரத்திலிருந்து மட்டுமே வரும் என்பதால், நாற்று வாங்கும்போது ஆண் மரத்துக் குச்சியிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.